பூப்பாத்திக்கு அடியில் ஓடிய ரயில்

வால்ட் டிஸ்னியைப் பற்றி எழுதுபவர்கள் மிக்கி மவுஸில் ஆரம்பித்து டிஸ்னிலாந்தில் முடிப்பார்கள். நடுவில் ஒரு தோட்டம் இருக்கிறது. டிஸ்னிலாந்தின் மரங்களைப் புரிந்துகொள்ள அந்தத் தோட்டம் வழியாகத்தான் போகணும்.

லாஸ் ஏஞ்சல்ஸின் ஹோம்பி ஹில்ஸ் பகுதியில், காரல்வுட் டிரைவ் என்ற தெருவில் அவர் வீடு கட்டியபோது, தோட்டத்தைச் சுற்றி 2,615 அடிக்குத் தண்டவாளம் போட்டார். பாதையின் அகலம் ஏழேகால் அங்குலம். அசல் ரயிலில் எட்டில் ஒரு பங்கு, ஆனால் நிஜமான நீராவி எஞ்சின், ஆள் உட்கார்ந்து போகலாம். எஞ்சினுக்கு மனைவி லில்லியனின் நினைவாக ‘லில்லி பெல்’ என்று பெயர். 1950 மே மாதம் ஓடத் தொடங்கியது.

பெயர் வைத்துவிட்டால் போதுமா? பாதை போகவேண்டிய இடத்தில்தான் அந்த அம்மாவின் பூப்பாத்தி வரவேண்டியிருந்தது. பாதி விளையாட்டாக, வக்கீல் பாஷையில் ஒரு ஒப்பந்தமே எழுதிக் குடும்பத்தாரிடம் வழியுரிமை வாங்கியிருக்கிறார் மனுஷன். கடைசியில் பாத்தி மேலே, ரயில் கீழே என்று முடிவானது. 90 அடிச் சுரங்கம், அதுவும் ‘எஸ்’ எழுத்து போல வளைந்தது. நுழையும்போது மறுமுனை தெரியக்கூடாது என்பது அவர் எண்ணம். நேராகத் தோண்டினால் செலவு குறையும் என்றவரிடம், தோண்டாமலே விட்டால் இன்னும் குறையுமே என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

தோட்ட ரயிலில் செடியின் வேலையே இந்த மறைப்புதான் என்பேன். எட்டில் ஒரு பங்கு ரயிலுக்குப் பக்கத்தில் முழு அளவு மரம் நின்றால் ரயில் பொம்மையாகிவிடும். எது கண்ணில் படணும், எது படக்கூடாது என்பதைச் செடிதான் தீர்மானிக்கிறது.

அந்த வீட்டுத் தோட்டத்தையும் ரயிலைச் சுற்றிய பசுமையையும் செய்தவர்கள் ஜாக் எவன்ஸ், பில் எவன்ஸ் என்ற அண்ணன் தம்பிகள். நர்சரிக் குடும்பம். 1953இல் எஞ்சின் தடம் புரண்டு, உடைந்த குழாயின் நீராவி ஒரு சிறுமியைச் சுட்டது. வீட்டு ரயில் அதோடு நின்றது. அடுத்து அனாஹெய்மில் 160 ஏக்கரில் டிஸ்னிலாந்து. அதற்கும் அதே சகோதரர்கள்தான். இங்கே ரயில், பூங்காவைச் சுற்றி எழுப்பிய மண்மேட்டின் மேல் ஓடியது. வெளியே இருக்கும் ஊர் உள்ளே தெரியாதபடி அந்த மேட்டிலும் மரம் வைத்தார்கள்.

கையில் இருந்தது ஒரு வருஷம். ஒரு வருஷத்தில் கன்று காடாகுமா? வளர்ந்த மரமே வேணும். அப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் புதிய அதிவேகச் சாலைகளுக்காக வீடுகளையும் மரங்களையும் இடித்துக்கொண்டிருந்தார்கள். புல்டோசர் வருமுன் எவன்ஸ் ஆட்கள் போய் மரங்களைப் பெயர்த்து வந்தார்கள்.

வளர்ந்த மரத்தைப் பெயர்ப்பது நாற்றுப் பிடுங்குவது மாதிரி இல்லை. சுற்றிலும் குழி வெட்டி, தாய்மண்ணோடு வேர்க்கட்டியை நான்கு பக்கமும் பலகை அடித்துப் பெட்டியாக்குவார்கள். புது வேர் விட அவகாசம் கொடுத்து, அப்புறம்தான் அடிவேரை வெட்டித் தூக்குவது. அவசரப்பட்டால் ஊன்றிய இடத்தில் இலை கொட்டி நிற்கும்.

மரங்களைக் காப்பாற்றிய கதையாக மட்டும் இதைச் சொல்வது பாதி உண்மை. பூங்கா எழுந்த இடமே ஆரஞ்சுத் தோப்பு. வைத்துக்கொள்ள வேண்டிய மரங்களுக்குக் கலர் நாடா கட்டியும், புல்டோசர் ஓட்டியவருக்கு நிறம் தெரியாததால் அவையும் போயின என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு, பழியைத் தனி ஆள் ஒருவர் தலையில் கட்டவும் வசதி. நாடா கட்டாத மரங்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. சில ஆரஞ்சு மரங்களைத் தலைகீழாக நட்டு, வேரைக் கிளையாகக் காட்டி ‘காடு’ செய்தார்கள். பணம் தீர்ந்தபோது களைகளுக்கு லத்தீன் பெயர்ப்பலகை வைக்கச் சொன்னாராம் டிஸ்னி.

பழைய நிலத்துக்காரர்களான டொமிங்கஸ் குடும்பம் ஒரு பனையை மட்டும் விடவில்லை. 1896இல் கல்யாணப் பரிசாக வந்து நட்ட கேனரித் தீவுப் பேரீச்சை அது. அதை வெட்டக்கூடாது என்று நிலம் விற்கும்போதே கேட்டுக்கொண்டார்கள். பெயர்த்து, காட்டுப் படகுச் சவாரிக்குப் பக்கத்தில் நட்டார்கள். 1955 ஜூலை 17இல் பூங்கா திறந்தபோது, அங்கிருந்த மரங்களில் அந்த மண்ணிலேயே வளர்ந்த சிலவற்றில் அதுவும் ஒன்று.