1845: பாஸ்டன் பள்ளிகளுக்கு ரேங்க் போட்ட கோடை

ஒரே ஊர்ப் பள்ளிகளை மார்க் வைத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் பழக்கத்தைத் தேடிப் பின்னால் போனால், 1845 கோடையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் வந்து நிற்கிறேன்.

அதுவரை அங்கே ஆண்டுத் தேர்வு என்றால் வாய்மொழிதான். கமிட்டிக்காரர்கள் வருவார்கள், சில பிள்ளைகளை எழுப்பிக் கேள்வி கேட்பார்கள், போய்விடுவார்கள். மாசசூசெட்ஸ் கல்வி வாரியச் செயலாளர் ஹோரஸ் மான் பிரஷ்யப் பள்ளிகளைப் பார்த்துவந்து, அறிக்கையில் புகழ்ந்து தள்ளினார். பாஸ்டன் ஆசிரியர்கள் 31 பேர் சேர்ந்து 1844இல் மறுப்பு எழுதினார்கள். அடுத்த வருஷமே மானின் நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹௌ இருந்த தேர்வுக் கமிட்டி, அச்சடித்த கேள்வித்தாளை நீட்டியது. தற்செயல்னு யாராவது சொன்னா நான் நம்பமாட்டேன்.

எழுதியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் மேல்வகுப்புப் பிள்ளைகள் மட்டும், மொத்தம் சுமார் 530 பேர். எல்லாருக்கும் ஒரே கேள்விகள், தாளுக்கு ஒரு மணி நேரம். பொறுக்கியெடுத்த பிள்ளைகள்தான், ஆனாலும் சரியான விடைகள் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அமெரிக்கக் கப்பல் வணிகத்துக்குத் தடை விதித்த தேதியை எழுதத் தெரிந்த சிலருக்கு, அந்தத் தடை என்றால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. மனப்பாடத்தைப் பற்றி மான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது!

முடிவுகளைப் பள்ளிவாரியாக அட்டவணை போட்டு அச்சிட்டார்கள். அடியில் நின்றது ஸ்மித் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று நகரம் தனியாக ஒதுக்கிய பள்ளி அது.

எனக்கு மற்ற எல்லா வரிசையையும்விட இந்தக் கடைசி வரிசைதான் முக்கியம். அதை மட்டும் பார்ப்பவர் பிள்ளைகள் மக்கு என்று முடிவுகட்டலாம். ஆனால் தேர்வுக்கு முந்தைய வருஷமே பெற்றோர்கள் புகார் கொடுத்திருந்தார்கள்: தலைமையாசிரியர் கொடுமையாக அடிக்கிறார், கறுப்பினப் பிள்ளைகளுக்கு அறிவு மட்டு என்று நினைக்கிறார், தனிப்பள்ளியே வேண்டாம் என்று. அட்டவணையில் இதற்கெல்லாம் ஏது கட்டம்?

பெஞ்சமின் ராபர்ட்ஸ் என்பவரின் சின்ன மகள் சாரா, ஐந்து வெள்ளையர் பள்ளிகளைக் கடந்து ஸ்மித் பள்ளிக்கு நடக்கவேண்டிய நிலை. அவர் நகரத்தின்மீது வழக்குப் போட்டார். சார்லஸ் சம்னர் வாதாடியும் 1850இல் தீர்ப்பு எதிராகவே வந்தது. பெற்றோர்கள் விடவில்லை. 1855இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினையைத் தடைசெய்தது. ஸ்மித் பள்ளியை அதே வருஷம் மூடினார்கள்.