லாசரின் பெயரும் நம் பெயரும்



குழந்தையின் திருமுழுக்கு ஒரு கேள்வியோடுதான் தொடங்குகிறது. "இந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?" என்று குரு பெற்றோரைக் கேட்கிறார். நமக்கும் ஒருநாள் அவ்வாறே பெயர் தரப்பட்டது. அந்தப் பெயருக்காக நாம் இறைவனுக்கு எப்போதாவது நன்றி சொல்லியிருக்கிறோமா? இன்று புனித தேவசகாயத்தின் பெயரை நினைத்து அந்த நன்றியைக் கற்றுக்கொள்வோம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலம் என்ற ஊரில் 1712-ஆம் ஆண்டு பிறந்தார் நீலகண்டன். உயர்ந்த சாதி என்று உலகம் சொன்ன குடும்பம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணி. 'பிள்ளை' என்ற பட்டம். அன்றைய சமூகம் ஒரு மனிதனுக்குத் தரக்கூடிய மதிப்பெல்லாம் அவருக்கு இருந்தது.

1741-இல் நடந்த குளச்சல் போரில் சிறைப்பட்டவர் டச்சுத் தளபதி டிலனாய். பின்னர் அவரே மன்னரின் படையைப் பயிற்றுவித்தார். அவரோடு நீலகண்டனுக்கு நட்பு ஏற்பட்டது. குடும்பத் துன்பங்களால் மனம் சோர்ந்திருந்த நீலகண்டனுக்கு அவர் யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். அந்த வரலாறு நீலகண்டனைக் கிறிஸ்துவிடம் அழைத்து வந்தது.

திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் இருந்த வடக்கன்குளத்தில், 1745 மே 14 அன்று இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்பது புதிய பெயர். 'கடவுள் உதவினார்' என்பது அதன் பொருள். அதையே நம் மொழியில் தேவசகாயம் என்றார்கள். அவருடைய மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார்.

பழைய பெயர் அவர் பிறந்த குடும்பத்தைச் சொன்னது. புதிய பெயர் கடவுள் செய்த உதவியைச் சொன்னது. கிறிஸ்துவோடு இருப்பவர் புதிய படைப்பு என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இதைத்தான். தேவசகாயம் அந்தப் பெயருக்கு ஏற்ப வாழ்ந்தார். சாதி வேறுபாடு பாராமல் எல்லோரோடும் பழகினார், எல்லோரும் சமம் என்றார். எதிர்ப்பு எழுந்தது. 1749-இல் கைது செய்யப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள், அடித்தார்கள். விசுவாசத்தைக் கைவிட்டிருந்தால் பழைய மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். அவர் கைவிடவில்லை. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அன்பார்ந்தவர்களே, வரலாறு இத்தோடு முடிந்திருந்தால் நாம் பெருமைப்பட்டுக்கொண்டு போய்விடலாம். ஆனால் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவருக்குப் பின் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில், சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்த இடையில் சுவர் இருந்தது. பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று, திருமுழுக்கு ஒன்று. சுவர் மட்டும் நடுவில். 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. அந்தச் சுவரைக் கேட்டவர்களும் நம்மவர்கள். அனுமதித்தவர்களும் நம் குருக்கள். இதை மறைக்க நமக்கு உரிமை இல்லை.

கல்சுவர் போய்விட்டது. நம் திருமண அழைப்பிதழ்களில், பெண் பார்க்கும் பேச்சில், சில இடங்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட அது இன்னும் நிற்கிறதே! திருமுழுக்குத் தண்ணீர் நம் தலையில் மட்டும் பட்டது, உள்ளத்தில் படவில்லை என்பதுபோல் அல்லவா நாம் நடந்துகொள்கிறோம்?

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, 'பிள்ளை' என்பது சேர்க்கப்படவில்லை. வெறும் தேவசகாயம். இந்தியப் பொதுநிலையினரில் புனிதராக உயர்த்தப்பட்ட முதல் மறைசாட்சிக்கு அந்த ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. நமக்கு மட்டும் ஏன் போதவில்லை?

நன்றி என்பது வாயால் பாடும் பாட்டு மட்டுமல்ல. பெற்றுக்கொண்டதைப் பயன்படுத்துவதே நன்றி. இந்த வாரம் நம் திருமுழுக்கு நாள் எது என்று வீட்டில் கேட்டு அறிவோம். தெரியாவிட்டால் பங்குப் பதிவேட்டில் பார்ப்போம். அந்த நாளில் குடும்பமாகக் கூடிச் செபிப்போம். அடுத்த அழைப்பிதழ் அச்சிடும்போது, கடவுள் தந்த பெயரோடு நிறுத்திக்கொள்வோம்.

இறைவா, எங்களை உம் பிள்ளைகள் என்று அழைத்தீரே, அதற்காக நன்றி கூறுகிறோம். அந்தப் பெயருக்கு மேல் வேறொரு பெருமையைத் தேடாத மனத்தை எங்களுக்குத் தாரும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.