பாரன் க்னிகேயும் கரண்டி தேடும் வாசகர்களும்

ஜெர்மன் பேசுபவர் யாராவது தெரிந்தால் "க்னிகே" என்று சொல்லிப் பாருங்கள். முள்கரண்டி எந்தக் கையில், கத்தி எந்தக் கையில், விருந்துக்குப் போனால் முதலில் யாருக்குக் கை கொடுப்பது... இதெல்லாம்தான் அவருக்கு நினைவு வரும். நகல் எடுப்பதை நாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அந்த மாதிரி, அங்கே நன்னடத்தைக் கையேடு எதுவானாலும் அது ஒரு க்னிகே. டூடன் அகராதியிலேயே பொதுச்சொல்லாக ஏறிவிட்டது. அலுவலக க்னிகே, பயண க்னிகே, செல்பேசி க்னிகே என்று கடையில் வரிசையாகக் கிடைக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் எழுதியது அந்த மாதிரிப் புத்தகமே இல்லை. மேசை ஒழுங்கெல்லாம் அதில் போகிற போக்கில் வந்தால் உண்டு.

அடால்ஃப் க்னிகே 1752இல் ஹனோவருக்குப் பக்கத்தில் பிரேடன்பெக் என்ற ஊரில் பிறந்தார். பிரபு குடும்பம். பதினான்கு வயதுக்குள் அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். அப்பா விட்டுப் போனது ஒரு லட்சம் தாலருக்கும் மேல் கடன்! வணிகவியல் படிக்கிறவன் என்பதாலோ என்னவோ, எனக்கு இந்த இடத்தை விட்டு நகர மனசு வரவில்லை. கடன்காரர்கள் சேர்ந்து பண்ணையைத் தங்கள் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டார்கள். வாரிசுக்கு வருஷத்துக்கு 500 தாலர் படி. சொந்தப் பண்ணையை மீட்க ஆயுசு முழுக்க அலைந்தார், கிடைக்கவில்லை. பெயருக்கு முன்னால் பாரன் பட்டம், கையில் காசில்லை. ஆக, எழுதித்தான் பிழைக்க வேண்டும்.

காசல் அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்தபோது இருபது வயதுகூட ஆகவில்லை. அங்கிருந்த கோள்மூட்டலும் காலைவாரலும் தாங்காமல் 1775இல் வெளியே வந்தார். இலுமினாட்டி ரகசிய சங்கத்தில் நான்கு வருஷம் இருந்து, அதன் தலைவர் வைஸ்ஹாப்டோடு சண்டை போட்டு 1784இல் அங்கிருந்தும் விலகினார். (இலுமினாட்டி பற்றி நிறைய கதை சுற்றுகிறது, அது தனிப்பதிவுக்கான விஷயம்.)

இவ்வளவும் பட்ட பிறகுதான் 1788இல் 'மனிதர்களோடு பழகுவது பற்றி' என்ற புத்தகம் வருகிறது. அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. அறிவும் நேர்மையும் உள்ளவன் ஏன் உலகத்தில் முன்னேற முடியாமல் திண்டாடுகிறான், ஒன்றுமில்லாதவன் எப்படி மேலே போகிறான்? அன்றைய ஜெர்மனி ஒரே நாடு இல்லை, நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அரசுகள். ஒவ்வொன்றிலும் ஒரு அரண்மனை, ஒரு வழக்கம், ஒரு பேச்சு. ஓரிடத்தில் மரியாதை என்பது அடுத்த ஊரில் கேலிக்கூத்து. அதனால் எல்லா வகை ஆளோடும் பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறார். கோபக்காரர், கணவன் மனைவி, அண்டை வீட்டார், வேலைக்காரர்கள், அதிகாரம் உள்ளவர்கள், கடன் கொடுத்தவர் வாங்கியவர், ஏன், விலங்குகளோடு எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் இடம் உண்டு. எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் உள்ள உறவு பற்றியும் ஒரு அத்தியாயம். பெரிய மனிதர்களை நம்பி ஏமாறாதே என்று அவர் எச்சரிப்பதெல்லாம் சொந்தத்தில் பட்டு எழுதியது என்பது படிக்கும்போதே தெரியும்.

எல்லாமே உயர்வு என்று சொல்ல வரவில்லை. படித்த பெண்களைப் பற்றி அவர் அடிக்கும் நக்கல் இன்றைக்குப் படித்தால் எரிச்சல்தான் வரும். இத்தனைக்கும் அவர் மகள் பிலிப்பினே பெண்களுக்காகத் தர்க்கவியல் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர்!

நகைச்சுவைப் புத்தகங்களை இன்று அநேகமாக யாரும் பேசுவதில்லை. 1792இல் வந்த 'பிரவுன்ஷ்வைக் பயணம்' அதில் ஒன்று. பிளாஞ்சார்டு பலூனில் பறப்பதைப் பார்க்கக் கிளம்பும் கிராமத்துப் பெரிய மனிதர்கள் வழியெல்லாம் படும் பாடுதான் கதை.

என்னைக் கேட்டால் அதைவிட வேடிக்கை ட்சிம்மர்மன் விவகாரம். இவர் ஹனோவரில் பெரிய டாக்டர். சாகக் கிடந்த பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக்குக்கு வைத்தியம் பார்த்தவர். மன்னரும் நானும் என்ன பேசினோம் தெரியுமா என்று 1788இல் ஒரு புத்தகமே போட்டார். அதே வருஷம் க்னிகே ஒரு நையாண்டி எழுதினார். எழுதியவர் பெயர் என்ன போட்டிருந்தது தெரியுமா? 'கால்சட்டை தைப்பவர் மைவெர்க்'. அந்தத் தையல்காரரும் ஒரு மன்னரிடம் பேசியதை அதே தோரணையில் அளக்கிறார்.

இதைவிடக் கோபக்கார வாசகர் ஒருவருக்கு அமைய முடியாது. பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் ட்சிம்மர்மனுக்கு நேரம் வாய்த்தது. க்னிகே புரட்சியை வெளிப்படையாக ஆதரித்தவர். 1790 ஜூலை 14 அன்று ஹாம்பர்க்கில் நடந்த பாஸ்டில் ஆண்டு விழாவுக்கே போய் வந்தவர். 1792இல் வியன்னா பத்திரிகை ஒன்றில் ட்சிம்மர்மன் அவரைப் புரட்சிப் பிரசாரகர் என்று கிழித்தார். அந்தக் காலத்தில் இது வெறும் வசவு இல்லை, ஹனோவர் அரசுக்காகப் பிரேமனில் பதவி வகித்த மனிதரின் சோற்றில் கைவைக்கும் வேலை. க்னிகே வழக்குப் போட்டார், 1795இல் ஜெயித்தார். அடுத்த வருஷம் மே மாதம் பிரேமனில் இறந்தார். வயது 43. பிரேமன் பேராலயத்தில்தான் அடக்கம்.

அதற்குப் பிறகுதான் கரண்டி வருகிறது. புத்தகம் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பதிப்புக்குப் பதிப்பு மற்றவர்கள் கைவைத்தார்கள். வெட்டினார்கள், சேர்த்தார்கள், ஆசாரங்களை நுழைத்தார்கள். அரண்மனையைக் கிண்டல் செய்த மனிதர் அரண்மனை மரியாதை சொல்லித்தரும் வாத்தியாராகிவிட்டார். ட்சிம்மர்மன்மீது போட்ட மாதிரி இவர்கள்மீதும் வழக்குப் போட ஆள் இல்லை.

இன்றும் கரண்டிக்காக வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஆங்கிலத்தில் 1799லேயே லண்டனில் வந்துவிட்டது. ஜெர்மன் மூலம் இணையத்தில் இலவசம். எங்கே தொடங்குவது என்று கேட்டால், கடன் கொடுத்தவர் வாங்கியவர் பகுதியில் தொடங்கச் சொல்வேன். பதினான்கு வயதில் கடனை மட்டும் வாரிசாகப் பெற்ற பையன்தான் அதை எழுதினான் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள்.