ஒருமுறை தேடினால் போதும்: இன்லைன் கேஷ் பிறந்த கதை

வடிவம்.பரப்பளவு() என்று நிரலில் ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ‘வடிவம்’ வட்டமா, சதுரமா, முக்கோணமா என்று அந்த வரியில் எங்கும் சொல்லவில்லை. பைத்தான், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற டைனமிக் மொழிகளில் நிரல் ஓடி அந்த வரிக்கு வந்து சேரும்போதுதான் அது தெரியும். எந்த ‘பரப்பளவு’ மெத்தடை இயக்குவது என்ற தேடலும் அப்போதுதான் தொடங்கும்.

முதலில் அந்த ஆப்ஜெக்ட் எந்த கிளாஸைச் சேர்ந்தது என்று பார்க்கவேண்டும். அந்த கிளாஸின் மெத்தட் அகராதியில் ‘பரப்பளவு’ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் தாய் கிளாஸ், அங்கேயும் இல்லையென்றால் அதற்கும் மேலே, இப்படியே உச்சி வரை போகவேண்டும். அந்த வரி ஒரு லூப்புக்குள் பத்து லட்சம் தடவை ஓடினால் தேடலும் பத்து லட்சம் தடவை நடக்கவேண்டும். ஆனால் இன்று அப்படி நடப்பதில்லை. அதற்குக் காரணம் 1984இல் வெளிவந்த ஒரு யோசனை. இன்லைன் கேஷ் என்று அதற்குப் பெயர்.

கதை தொடங்குவது கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில். ஆலன் கேயின் குழு 1970களில் அங்கே ஸ்மால்டாக் மொழியை உருவாக்கியது. கிளாஸ் என்னும் கருத்து நார்வேயில் பிறந்த சிமுலா மொழியிலேயே இருந்தது. கே அதை இன்னும் தூரம் கொண்டுபோனார். கணினிக்குள் இருப்பதெல்லாம் ஆப்ஜெக்ட். ஓர் ஆப்ஜெக்ட் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியை என்ன செய்வது என்று முடிவெடுப்பது அதைப் பெறுகிற ஆப்ஜெக்ட்தான். அனுப்புகிறவருக்கு அதில் அதிகாரம் கிடையாது.

1972இல் ஓடிய முதல் ஸ்மால்டாக்கில் செய்தியின் சொற்களை ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தானே படித்துப் பொருள் கண்டுகொண்டது. வளைந்துகொடுக்கும் மொழிதான், ஆனால் வேகம் இல்லை. டான் இங்கால்ஸ் வடிவமைத்த ஸ்மால்டாக்-76 அதற்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. நிரல் பைட்கோடு என்னும் இடைநிலைக் கட்டளைகளாக மாறியது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு மெத்தட் அகராதி, அதற்கு மேலே ஒரு தாய் கிளாஸ் என்னும் அமைப்பு நிலைபெற்றது. மேலே சொன்ன தேடல் முறை அதன் நேர் வாரிசு.

ஸ்மால்டாக்-80 வெளியுலகுக்கு வந்தபோது கூடவே ஒரு தொல்லையும் வந்தது. இந்த மொழியில் மூன்றையும் நான்கையும் கூட்டுவதுகூட மூன்றுக்கு அனுப்பும் ஒரு செய்திதான். செய்தி இல்லாமல் எதுவும் நடக்காது என்றால், தேடல் இல்லாமலும் எதுவும் நடக்காது. தேடிக் கண்டதையெல்லாம் ஒரு பொது அட்டவணையில் குறித்துவைக்கும் வழி அப்போதே இருந்தது. கிளாஸையும் செய்தியின் பெயரையும் சேர்த்து அட்டவணையில் பார்த்தால் மெத்தட் கிடைத்துவிடும். தாய் கிளாஸ்களை ஏறியிறங்கும் வேலை இதனால் குறைந்தது. ஆனாலும் ஒவ்வொரு செய்திக்கும் அட்டவணையைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. பார்க் ஆய்வகத்திடம் டொராடோ என்ற வலிமையான கணினி இருந்தது. அதில் ஸ்மால்டாக் நன்றாகவே ஓடியது. வெளியே கிடைத்த சாதாரண மைக்ரோபிராசஸர்களில்தான் திணறியது.

இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தவர்கள் பீட்டர் டாய்ச்சும் ஆலன் ஷிஃப்மனும். டாய்ச் பள்ளி மாணவராக இருந்தபோதே பிடிபி-1 கணினிக்கு லிஸ்ப் மொழியை அமைத்தவர். பிற்காலத்தில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளை எழுதியவரும் அவரே. ஸ்மால்டாக்கை எப்படி வேகமாக்குவது என்று 1984இல் இருவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் அடிப்படை ஒரு கவனிப்பு. மொழி எவ்வளவு சுதந்திரம் கொடுத்தாலும், நிரலின் ஒரு குறிப்பிட்ட வரிக்குப் போன தடவை எந்த கிளாஸின் ஆப்ஜெக்ட் வந்ததோ, பெரும்பாலும் இந்தத் தடவையும் அதே கிளாஸின் ஆப்ஜெக்ட்தான் வருகிறது. நூற்றுக்குச் சுமார் 95 தடவை இது பலிக்கிறது.

அப்படியானால் தேடிக் கண்டதை எங்கேயோ இருக்கும் பொது அட்டவணையில் ஏன் எழுதவேண்டும்? அழைப்பு நடந்த இடத்திலேயே எழுதினால் என்ன? அதைத்தான் செய்தார்கள். பைட்கோடை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றினார்கள். முதல் தடவை, அழைப்புக் கட்டளை தேடல் நிரலுக்குப் போகும். தேடல் நிரல் வட்டத்தின் ‘பரப்பளவு’ மெத்தடைக் கண்டுபிடித்ததும், தன்னை அழைத்த அந்தக் கட்டளையையே திருத்தி எழுதிவிடும். இனி அந்தக் கட்டளை தேடல் நிரலுக்குப் போகாது; நேராக வட்டத்தின் மெத்தடுக்கே போகும். பக்கத்திலேயே ‘வட்டம்’ என்று கிளாஸின் பெயரும் குறிக்கப்படும். அடுத்த தடவை மெத்தடுக்குள் நுழைந்ததும் ஒரே ஒரு சோதனை: வந்திருக்கும் ஆப்ஜெக்ட் வட்டம்தானா? ஆமென்றால் வேலை நடக்கும். இல்லையென்றால் மறுபடி தேடல், மறுபடி திருத்தம்.

இதில் நான் பெரிதாக மதிப்பது அந்தச் சோதனையைத்தான். பழக்கத்தை நம்பி வேகமாகப் போகலாம். ஆனால் சரிபார்க்காமல் போகக்கூடாது. அதனால்தான் நிரலாளரின் சுதந்திரத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை. வகையை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லி யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பாரம் முழுவதையும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

ஒரு குறை மிச்சம் இருந்தது. ஒரே வரிக்கு வட்டமும் சதுரமும் மாறிமாறி வந்தால் குறித்ததை அழிப்பதும் எழுதுவதுமாகவே பொழுது போகும். இதற்கு விடை செல்ஃப் மொழியிலிருந்து வந்தது. டேவிட் அங்கரும் ராண்டல் ஸ்மித்தும் வடிவமைத்து 1987இல் அறிமுகப்படுத்திய மொழி அது. அதில் கிளாஸே கிடையாது. ஒரு முன்மாதிரி ஆப்ஜெக்டை நகலெடுத்துப் புதிய ஆப்ஜெக்ட் செய்துகொள்ளவேண்டும். கிளாஸ் இல்லாத மொழியில் எதைச் சோதிப்பது? ஒரே அமைப்புள்ள ஆப்ஜெக்ட்களுக்கெல்லாம் பொதுவாக ‘மேப்’ என்ற ஒன்றைத் திரைமறைவில் வைத்தார்கள். எழுதுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது.

1991இல் உர்ஸ் ஹோல்ஸ்ல, கிரெய்க் சேம்பர்ஸ், அங்கர் மூவரும் பாலிமார்ஃபிக் இன்லைன் கேஷ் என்பதை வெளியிட்டார்கள். ஒரு குறிப்புக்குப் பதில் ஒரு சிறிய வரிசை. வட்டமா, இந்த மெத்தட். சதுரமா, அந்த மெத்தட். புதிதாக ஒன்று வந்தால் வரிசையில் அதையும் சேர். சோதித்த செல்ஃப் நிரல்களில் இதனால் கிடைத்த வேகம் இடைநிலை அளவில் 11 விழுக்காடு. கூடவே இன்னொரு லாபமும் வந்தது. எந்த வரிக்கு எந்தெந்த வகை ஆப்ஜெக்ட் வந்துபோனது என்ற பதிவேடாகவே அந்த வரிசை மாறிவிட்டது. கம்பைலர் அந்தப் பதிவேட்டைப் படித்து நிரலைத் திரும்பக் கட்டியபோது, சோதனை முயற்சியிலேயே வேகம் 27 விழுக்காட்டைத் தொட்டது. ஓடும் நிரலிடமே பாடம் கேட்டு அந்த நிரலை மேம்படுத்தும் வழி இப்படித்தான் திறந்தது.

செல்ஃப் பெரிய அளவில் புழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் அதில் உழைத்தவர்கள் வித்தையை மறக்கவில்லை. அவர்களில் ஒருவரான டென்மார்க்கின் லார்ஸ் பாக், ஜாவாவின் ஹாட்ஸ்பாட் இயந்திரத்தில் பணியாற்றினார். பிறகு கூகுளுக்காக வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்தை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 2008 செப்டம்பரில் குரோம் உலாவியுடன் வி8 வந்தது. ஜாவாஸ்கிரிப்டும் முன்மாதிரி ஆப்ஜெக்ட்களை நம்பிய மொழி. அந்த யோசனையை அது செல்ஃபிலிருந்துதான் பெற்றது. எனவே செல்ஃபின் மருந்து அப்படியே பொருந்தியது. வி8க்குள் அந்தத் திரைமறைவு அமைப்புக்கு இன்றும் மேப் என்றே பெயர். ஒரே அழைப்பிடத்தில் நான்கு வகை வரை வரிசையில் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் பொது அட்டவணைதான் கதி. ஒரே வகை ஆப்ஜெக்ட்களுக்குப் புலங்களை ஒரே வரிசையில் சேருங்கள் என்று ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைக்குக் காரணமும் இதுவே. வரிசை மாறினால் மேப் மாறும். மேப் மாறினால் குறிப்பு பலிக்காது.

பைத்தானுக்கு இந்த உத்தி முழு அளவில் வந்தது 2022 அக்டோபரில், 3.11 பதிப்பில். அதில் மெத்தடைத் தேடும் பைட்கோடு சில தடவை ஓடியதும் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. தேடிக் கண்ட குறிப்பு அந்தக் கட்டளைக்கு அடுத்தே உட்காருகிறது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. ஓடும்போதே யாராவது கிளாஸில் ஒரு மெத்தடை மாற்றினால் பழைய எண் செல்லாது; அதை நம்பிய குறிப்பும் செல்லாது. முந்தைய பதிப்பைவிட 3.11 சராசரியாக 25 விழுக்காடு வேகம் என்று பைத்தான் குழு அறிவித்தது. அந்த வேகத்தில் இந்த உத்திக்கும் கணிசமான பங்குண்டு.

டைனமிக் மொழி என்றாலே மெதுவாகத்தான் ஓடும் என்று பலரும் விதியாக ஏற்றுக்கொண்டிருந்த காலத்தில், நிரல்கள் உண்மையில் எப்படி ஓடுகின்றன என்று டாய்ச்சும் ஷிஃப்மனும் அளந்து பார்த்தார்கள். அந்த அளவையிலிருந்துதான் எல்லாம் பிறந்தது. கணினியியல் படிக்கும் மாணவர்கள் 1984, 1991 ஆண்டுகளின் அந்த இரண்டு கட்டுரைகளையும் தேடிப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். தினமும் கையாளும் மொழியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது அவற்றில் புரியும். ஒரு சிக்கலைத் தீர்க்கும்முன் அதை உட்கார்ந்து கவனிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதும் புரியும்.