பேயும் அதிகாரமும்: தமிழ்க் கிறித்தவத்தில் ஆவிப்போர் நம்பிக்கையின் வரலாறு

முன்னுரை

தீய ஆவிகள் மனிதரைப் பற்றித் துன்புறுத்துகின்றன என்பதும், இயேசுவின் பெயரால் அவற்றை வெளியேற்றும் அதிகாரம் நம்புவோருக்கு அளிக்கப்பட்டுள்ளது என்பதும் கிறித்தவத்தின் தொன்மையான நம்பிக்கைகளுள் அடங்கும். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்தி நூல்களும் இயேசு பேய்களை ஓட்டிய நிகழ்ச்சிகளைப் பலவாறு கூறுகின்றன. யோவான் நற்செய்தியில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றேனும் இல்லை. லூக்கா 10ஆம் அதிகாரம் அவ்வாற்றலைச் சீடர்க்கு உரியதாக்குகிறது. எபேசியர் திருமுகத்தின் 6ஆம் அதிகாரம் நம்புவோரைப் போர்க்கவசம் பூண்ட வீரராக உருவகிக்கிறது. பின்னாளில் 'ஆவிப்போர்' எனப் பெயர்பெற்ற கருத்துக்கு இவையே அடிப்படை.

இந்நம்பிக்கை தமிழகத்திற்கு வந்தபோது இங்குப் பேய் பற்றிய எண்ணங்களும், பேயை அடக்கும் முறைகளும், அவற்றுக்குரிய சொற்களும் முன்னரே நிலைபெற்றிருந்தன. தீமையை அடக்கும் அதிகாரம் யாருக்கு உரியது, யார் அல்லது எது தீமை எனப் பெயரிடப்பட்டது என்னும் இரு வினாக்களுக்குத் தமிழ்க் கிறித்தவம் வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் மரபில் பேய்

சங்க இலக்கியம் போர்க்களத்தில் பேய்மகளிரைக் காட்டுகிறது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் காளியின் பரிவாரம். களத்தில் கூழட்டு உண்பன. காரைக்கால் அம்மையாரோ தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்டு இறைவனின் ஆடலைப் பாடியவர். இம்மரபில் பேய் அச்சம் தருவது. ஆயினும் இறைவனுக்கு முற்றிலும் பகையான ஓர் ஆற்றலாக அது கருதப்படவில்லை. திருக்குறள் 'அலகை' என்னும் சொல்லையும் ஆள்கிறது.

நாட்டார் வழக்கில் பேயைக் கண்டறிந்து ஓட்டுபவர் கோடாங்கியோ பூசாரியோ ஆவார். உடுக்கையடித்துப் பேயைப் பேசவைத்தல், அதன் பெயரையும் ஊரையும் கேட்டறிதல், அகல்வதாக உறுதிமொழி வாங்குதல், பாதிக்கப்பட்டவரின் கூந்தல் கற்றையை மரத்தில் வைத்து ஆணியறைதல் ஆகியன இம்முறையின் கூறுகள்.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு குறித்து 1713-இல் எழுதிமுடித்த நூலில் ஒரு செய்தியைத் தெளிவுறப் பதிவுசெய்துள்ளார். ஐயனார், மாரியம்மன், பிடாரி முதலிய ஊர்த் தெய்வங்களைப் பேய்களிடமிருந்து தம்மைக் காப்பவர்களாகவே மக்கள் வழிபட்டனர் என்பதே அச்செய்தி. அயல்சமயச் செய்திகளைப் பரப்புவது சமயப்பணியாளரின் வேலையன்று எனக் கருதிய ஆலே நகரத் தலைவர் பிராங்கே இந்நூலை அச்சிட ஒப்பவில்லை. 1867-இல்தான் இது சென்னையில் அச்சேறியது. காவல் தெய்வம் வேறு, பேய் வேறு என மக்கள் கொண்டிருந்த இப்பாகுபாடு பின்னர் அழிந்தமையே இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பம் எனலாம்.

புனிதரின் நீதிமன்றம்

மதுரை மறைப்பணித்தளத்தின் இயேசு சபையார் ஐரோப்பாவுக்கு எழுதிய மடல்களில் பேயோட்டுதல் பற்றிய செய்திகள் மிகுதி. அவற்றுள் ஆவூரில் பணியாற்றிய பிரெஞ்சுத் துறவி புஷே எழுதிய மடல் தனிச்சிறப்புடையது. பழைய கிரேக்க, உரோமானியக் குறிகள் பேய்களின் வாக்கல்ல, பூசாரிகளின் சூழ்ச்சியே எனப் பிரெஞ்சு அறிஞர் பொந்தெனெல் 1687-இல் எழுதினார். இயேசு சபையைச் சார்ந்த பல்துஸ் 1707-இல் அதனை மறுத்தார். புஷே தம் மடலைப் பல்துசுக்கு எழுதி, தமிழ்நாட்டில் பேய்கள் இன்றும் குறிசொல்கின்றன என்றும், கிறித்தவர் அருகிருப்பின் அவை வாயடைத்துப் போகின்றன என்றும் சான்று கூறினார். பாரிசில் நிகழ்ந்த பகுத்தறிவு வாதத்திற்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சான்றுக்களமாயின.

எனினும் கத்தோலிக்க மரபில் இவ்வதிகாரம் நாளடைவில் புனிதரின் திருத்தலத்தைச் சென்றடைந்தது. 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூர், புனித அந்தோணியாரின் உவரி, புளியம்பட்டி, அதிதூதர் மிக்கேலின் இராஜாவூர் ஆகியன பேய் பிடித்தோர் எனப்படுவோர் நாடிவரும் தலங்களாயின. இங்கு நிகழ்வது ஏறத்தாழ ஒரு வழக்கு விசாரணையே. பற்றிய பேய் புனிதரின் முன்னிலையில் தன் பெயரைக் கூறுகிறது. ஆணைக்குப் பணிந்து அகல்வதாக அறிவிக்கிறது. கோடாங்கியின் முறையில் இருந்த பெயர் வினவலும் உறுதிமொழியும் இங்கும் தொடர்கின்றன. ஆணையிடும் அதிகாரி மட்டுமே மாறியுள்ளார். இராமநாதபுரப் பகுதிக் கத்தோலிக்கரை ஆராய்ந்த டேவிட் மோஸ், ஊர்த் தெய்வங்களுக்கு மேலான ஆட்சியாளராகப் புனிதர் இந்நாடகத்தில் நிலைநாட்டப்படுவதை விளக்கியுள்ளார். அதாவது, ஊர்த் தெய்வங்கள் ஒழிக்கப்படவில்லை. ஓர் ஆட்சியடுக்கின் கீழ்ப்படியில் அமர்த்தப்பட்டன.

திருநெல்வேலிச் சபைகளின் மறுப்பு

சீர்திருத்தச் சபையினர் மேற்கொண்ட வழி வேறு. 1799-இல் முதலூர் உருவானது முதல் திருநெல்வேலிச் சீமையில் கிறித்தவக் குடியிருப்புகள் பெருகின. மதம் மாறியோர் பேய்க்கோயில் பீடங்களை இடித்து அவ்விடங்களிலேயே செபவீடு கட்டியமையைச் சபைப் பதிவுகள் கூறும். பேயின் இடத்தில் துணிந்து நிற்பதே அதன் ஆற்றலை மறுத்தலாகக் கொள்ளப்பட்டது.

1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1849-இல் வெளியிட்ட நூலில் பேயாட்டத்தையும் வில்லிசையையும் பலியையும் விரிவாக வருணித்தார். அவர் எழுத்துகளில் பேய்வழிபாடு போரிட்டு வெல்லவேண்டிய பகை என்பதைவிட ஆய்வுக்குரிய பொருளாயிற்று. 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலும் அதனை வட ஆசியாவின் சாமனியத்தோடு ஒப்பிட்டார். 1849 நூலில் தம் சமூகம் இழிவாகக் காட்டப்பட்டதை நாடார் சமூகத்தார் கடுமையாக எதிர்த்தனர். 1857-இல் மிஷனரிகளினின்று பிரிந்து இந்துக் கிறித்தவ சபையைத் தோற்றுவித்த சட்டம்பிள்ளையின் சினத்திற்கும் அந்நூல் ஒரு காரணம். பிறர் வழிபாட்டிற்குப் 'பேய்' எனப் பெயரிடுவது, அவ்வழிபாட்டைக் கைவிட்டவரையும் புண்படுத்தக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

பள்ளி, மருத்துவமனை, மறைக்கல்வி ஆகியவற்றின் வழியே பேய்நம்பிக்கை தானே மறையும் எனச் சபைத் தலைவர்கள் எதிர்பார்த்தனர். ஆயின் நோயும் சூனிய அச்சமும் மறையவில்லை. 1860-இல் உக்கிரன்கோட்டையைச் சார்ந்த ஜான் கிறிஸ்டியான் அருளப்பனின் (1810–1867) சபைகளில் எழுந்த எழுப்புதல், அந்நியமொழி பேசுதல், தீர்க்கதரிசனம், நடுங்கி வீழ்தல் ஆகிய அடையாளங்களோடு பரவியது. மிஷனரிகள் பலர் இதனை ஐயத்தோடு நோக்கினர். சாமியாடுதலை விட்டு வந்த மக்களின் உடலிலேயே பரிசுத்த ஆவியின் செயல் தோன்றியதால், எது தெய்வ ஆவி, எது தீய ஆவி எனப் பகுத்தறியும் சிக்கல் எழுந்தது.

மொழிபெயர்ப்பில் தோன்றிய அதிகாரச் சொற்கள்

இச்சிக்கல் மொழியிலும் உண்டு. பழைய கத்தோலிக்க நூல்கள் 'இஸ்பிரீத்து சாந்து' எனப் போர்த்துக்கீசியச் சொல்லையே ஆண்டன. பின்னர் 'ஆவி' என்னும் தமிழ்ச்சொல் நிலைத்தபோது, இறந்தோரின் ஆவியையும் பற்றித் துன்புறுத்தும் ஆவியையும் இறைவனின் ஆவியையும் ஒரே சொல் சுட்டலாயிற்று. பரிசுத்த, அசுத்த என்னும் அடைமொழிகளே அவற்றைப் பிரித்தன. ஆவிப்போர் என்பது ஒரு வகையில் இவ்விரு அடைமொழிகளுக்கு இடையிலான போரே.

1871-ஆம் ஆண்டின் ஒன்றிய மொழிபெயர்ப்பு, எபேசியர் 6-இல் வானுலகத் தீய ஆற்றல்களைக் குறிக்கத் 'துரைத்தனங்கள்', 'அதிகாரங்கள்', 'சேனைகள்' ஆகிய சொற்களைக் கையாள்கிறது. நம்புவோர் பூணும் கவசம் 'சர்வாயுதவர்க்கம்'. 'துரை' என்பது முதலில் நாட்டுத் தலைவனையும் பின்னர் ஐரோப்பிய அலுவலனையும் குறித்த சொல். 'துரைத்தனம்' அக்காலத்தில் ஆங்கில அரசையே சுட்டியது. எனவே அன்றைய தமிழ் வாசகர் செவியில் இப்பகுதி ஓர் ஆட்சியமைப்பின் மீதான போராக ஒலித்திருக்கும். துரைமாரைப் பேயுலகில் சேர்ப்பது மக்களுக்கும் புதிதன்று: 1809-இல் திருவிதாங்கூர்ப் போரில் மாண்ட ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரின் கல்லறையில் சாராயமும் சுருட்டும் படைத்து மக்கள் வழிபட்டதைக் கால்டுவெல் குறிப்பிடுகிறார். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'துரைத்தனம்' என்பதைக் கைவிட்டுச் சாத்தானுக்கு 'அலகை' என்னும் குறட்சொல்லை மீட்டெடுத்தது. பெந்தெகொஸ்தே செபங்களில் இன்றும் வழங்குவன பழைய மொழிபெயர்ப்பின் சொற்களே.

நம்புவோர் ஒவ்வொருவரின் அதிகாரம்

1904–05-ஆம் ஆண்டுகளின் வேல்சு எழுப்புதலையடுத்து, 1912-இல் ஜெசி பென்-லூயிஸ் தீய ஆவிகளின் ஏமாற்றுகள் குறித்து விரிவான நூல் எழுதினார். சீனாவில் பணியாற்றிய ஜான் மக்மில்லன் 1932-இல் எழுதிய தொடர், நம்புவோர் கிறிஸ்துவோடு விண்ணகத்தில் அமர்த்தப்பட்டிருத்தலால் அவர்தம் அதிகாரத்திலும் பங்குடையர் என வாதிட்டது. குருவோ புனிதரோ திருத்தலமோ இன்றி எவரும் தீமைக்கு ஆணையிடலாம் என்பது இதன் உட்கிடை.

தென்னிந்தியாவில் இக்கருத்து பெந்தெகொஸ்தே இயக்கத்தோடு வேரூன்றியது. அமெரிக்க ஊழியர் இராபர்ட் குக் 1913-இல் பெங்களூருக்கு வந்து, பின்னர்க் கேரளத்தில் பணிபுரிந்தார். 1920-களில் கொழும்பில் பால் என்பார் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தமிழரிடையே பரவியது. 1970-களிலும் அதன் பின்னரும் சென்னைச் சீர்திருத்தக் கிறித்தவரை ஆராய்ந்த லயனல் காப்லன் கண்ட முடிவு கருதத்தக்கது. பேயும் சூனியமும் இல்லை எனச் சபைகள் கூறியபோது அவற்றுக்கு அஞ்சியோர் வாய்மூடித் துன்புற்றனர். புதிய போதகர்கள் அவை உண்டு என ஒப்புக்கொண்டு, அவற்றினும் பெரிய ஆற்றல் உண்டு என்றனர். மக்கள் அவர்களை நாடியதன் காரணம் இதுவே.

இச்செபங்களில் 'கட்டுதல்', 'கட்டுகளை உடைத்தல்', 'துரத்துதல்' முதலிய வினைகள் மிகுதி. செய்வினைக் கட்டு, வாய்க்கட்டு எனப் பழைய மந்திர வழக்கில் வழங்கிய சொல்லே இங்குப் பயில்கிறது. மத்தேயு நற்செய்தியிலும் கட்டுதல் பற்றிய பேச்சு இருத்தலால் இரு மரபுகளும் ஒரே சொல்லில் எளிதிற் கலந்தன. ஊரில் எவ்வித அதிகாரமும் இல்லாத கூலிப்பெண் ஒருத்தி, தன் வீட்டை வாட்டும் தீமையை நோக்கி உரத்த குரலில் ஆணையிடும் உரிமையை இங்குப் பெற்றாள். இதன் சமூகப் பொருள் சிறிதன்று.

1990-களில் பீட்டர் வாக்னர் முதலியோர் நகரங்களையும் நாடுகளையும் ஆளும் எல்லை ஆவிகள் உண்டு என்னும் கொள்கையைப் பரப்பினர். தமிழருக்கு இஃது அயலாகத் தோன்றவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் எல்லைத் தெய்வம் உண்டென்பது அவர்தம் பழைய அறிவு. ஆனால் மதிப்பீடு தலைகீழாயிற்று. சீகன்பால்கு காலத்தில் பேயைத் தடுத்து எல்லையைக் காத்த தெய்வம், இக்கொள்கையில் எல்லையைக் கைப்பற்றிய பேயாக மாறியது.

பெங்களூர்த் தண்டும் ஜோகுபாளையமும்

இம்மாற்றத்தின் விளைவைத் தமிழ்நாட்டிற்கு வெளியே பெங்களூரில் நன்கு உணரலாம். 1809-இல் ஆங்கிலப் படை சீரங்கப்பட்டணத்தினின்று இங்கு மாறியதும், படைவீரரும் வணிகரும் தொழிலாளருமாகத் தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறினர். 1834-இல் சென்னைச் சப்பர் படை அல்சூர் ஏரிக்கரையில் நிலைகொண்டது. படையிருப்புப் பகுதியை மக்கள் 'தண்டு' என்றனர். சிவாஜிநகரின் தண்டு மாரியம்மன் கோயில் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே சிவாஜிநகரில், 1974-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட புனித மரியன்னை ஆலயத்தின் செப்டம்பர் 8-ஆம் நாள் விழாவிற்குப் பிற சமயத்தாரும் திரளுகின்றனர்.

அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையம் இத்தகைய தமிழ்க் குடியிருப்புகளுள் ஒன்று. படையிருப்பைச் சார்ந்த இக்குடியிருப்புகளில் மாரியம்மனை வழிபடுவோரும் மாதாவை வணங்குவோரும் பெந்தெகொஸ்தே செபக்கூட்டத்திற்குச் செல்வோரும் அண்டை அயலாராக வாழ்கின்றனர். ஒரே குடும்பத்தினராகவும் இருத்தல் கூடும். புனிதரின் அவையில் ஊர்த் தெய்வத்திற்குக் கீழ்ப்படியேனும் ஓர் இடம் இருந்தது. எல்லை ஆவிக் கொள்கையிலோ அண்டை வீட்டாரின் தாய்த்தெய்வம் பகைவனின் படைத்தலைவியாகிறது. ஆவிக்கு எதிரான சொல், ஆவியை வணங்கும் அயலாருக்கு எதிரான சொல்லாக மாற ஓரடியே போதும். எபேசியர் 6 இப்போர் மனிதருக்கு எதிரானதன்று என்றே கூறுவது இங்கு நினையத்தக்கது.

நோயுற்றோர் நிலையும் கருதற்பாலது. பேய் பிடித்தவர் எனப்படுவோருள் மனநோய் உற்றோரும் உளர். 1974-இல் பெங்களூரில் தேசிய மனநல நரம்பியல் அறிவியல் நிறுவனம் உருவானபின் அந்நகரில் மருத்துவ உதவி அணித்தாயிற்று. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள், சமய நலம் நாடி மக்கள் கூடும் ஏர்வாடியின் காப்பகம் ஒன்றில் சங்கிலியிட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுதலை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. பேயோட்டுதல் என்னும் பெயரால் அடித்தலையும் கட்டிவைத்தலையும் கருநாடகத்தின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அது 2020-இல் நடைமுறைக்கு வந்தது. செபிக்கும் உரிமையை இச்சட்டங்கள் தொடவில்லை. துன்புறுவோரின் உடல்மீது பிறர் கொள்ளும் அதிகாரத்திற்கே எல்லை வகுத்தன.

முடிவுரை

தீமையின் மீதான அதிகாரம் தமிழ்க் கிறித்தவத்தில் புனிதரின் அவையிலும், மிஷனரியின் பள்ளியிலும், இறுதியில் நம்புவோர் ஒவ்வொருவரின் நாவிலும் குடிகொண்டது. ஒவ்வொரு நிலையிலும் நீதிமன்றம், துரைத்தனம், சேனை எனத் தமிழர் வாழ்வில் கண்ட ஆட்சியின் சொற்களே அதற்கு வடிவம் தந்தன. அதிகாரமற்றோர்க்கு அது குரல் அளித்தது. பேயின் பெயரைப் பிறர்மேல் ஏற்றும் வாய்ப்பையும் உடன் அளித்தது. காவல் தெய்வத்தையும் பேயையும் வேறாகக் கண்ட பழைய பாகுபாட்டை 1713-இல் ஒரு கிறித்தவப் பணியாளரே எழுதிவைத்தார் என்பதும், அந்நூல் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சேறாமல் கிடந்தது என்பதும் இவ்வரலாற்றை எழுதுவோர் மறத்தற்கரியன.