மும்பை மாநகரின் பஸ் வண்டிகள்

பிழைப்பு நாடி மும்பைக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களுக்கு இந்நகரைப் பழக்கிக் கொடுத்தவை இரண்டு: ஒன்று மின்சார இரயில், மற்றொன்று செந்நிறப் பஸ். இரயிலின் பெருமை பேசுவோர் பலர். பஸ்ஸின் வரலாறு அறிந்தோர் சிலரே ஆதலின், அதனை இம்மலரில் சிறிது கூறப் புகுந்தோம்.

1874 மே 9ஆம் நாள் கொலாபாவுக்கும் பைதோனிக்கும் இடையே குதிரை டிராம் ஓடத் தொடங்கிற்று. கட்டணம் மூன்றணா. கம்பெனியார் 900 குதிரைகளைப் பேணினராம். கொள்ளுக்கும் புல்லுக்கும் ஆன செலவை நம் இல்லத்தரசிகள் கணக்கிட்டுப் பார்க்கலாம்! 1907இல் மின்சார டிராம் வந்தது. 1964 மார்ச் 31ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாதருக்குச் சென்ற வண்டியோடு அதுவும் மறைந்தது. தாதர் டி.டி. என்பதில் உள்ள ஈரெழுத்து 'டிராம் டெர்மினஸ்' என்பதன் சுருக்கமென்று நம் இளைஞர் பலர் அறியார்.

முதல் மோட்டார் பஸ், 1926 ஜூலை 15இல் ஆப்கன் சர்ச்சிலிருந்து கிராபோர்டு மார்க்கெட்டுக்கு ஓடிற்று. அந்நாளில் அது வசதி படைத்தோர் ஊர்தியாகவே கருதப்பட்டது என்பது வியப்பன்றோ! 1934இல் நகரின் வடபகுதிக்கும் தடங்கள் நீண்டன. 1937இல் மாடி பஸ் தோன்றியது.

எனினும் தலையாய நாள் 1947 ஆகஸ்ட் 7 என்போம். நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு நாள் முன்னர், மாநகராட்சி இப்பணியைக் கம்பெனியாரிடமிருந்து ஏற்றது. அன்று இருந்தவை 242 பஸ்கள், 23 தடங்கள். நாள்தோறும் ஏறியவர் 2,38,000 பேர். அதுமுதல் பஸ் நகரத்தாரின் சொத்தாயிற்று; கட்டணம் ஏன் உயர்ந்தது, வண்டி ஏன் வரவில்லை என்று வினவும் உரிமையும் அவர்களுடையதாயிற்று.

இன்று கைப்பேசியில் அழைத்தால் ஓலாவும் ஊபரும் வாயிலில் வந்து நிற்கின்றன. நள்ளிரவில் நோயாளியை அழைத்துச் செல்ல அவை உதவுவதை மறுப்பதற்கில்லை. ஆயின், மழை கொட்டும் மாலையில் கட்டணம் இருமடங்காயின் யாரிடம் சென்று முறையிடுவது? ஐம்பது பேரைச் சுமக்கும் பஸ்ஸும், ஒருவரை ஏற்றிய காரும் அதே நெரிசலில் நிற்கின்றன.

புதுமை ஊர்திகளின் கதையையும் கண்டோம். நம்மவர் மிகுந்து வாழும் செம்பூரிலிருந்து வடாலாவுக்கு 2014இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மோனோ ரயில் ஓடிற்று; 2019இல் ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டது; 2025 செப்டம்பரில் சீரமைப்புக்கென நிறுத்தப்பட்டது. காற்றகற்றிய குழாய்க்குள் புனேக்குப் பறக்கும் ஹைபர்லூப்புக்கு 2018இல் ஒப்பந்தமாயிற்று. 2023 முடிவில் அந்நிறுவனமே மூடப்பட்டது.

இதற்கிடையே, ஒருகாலத்தில் 4,000ஐத் தாண்டியிருந்த பஸ்கள் 2025இல் 3,000க்கும் கீழே இறங்கின. அவற்றிலும் பெரும்பாலானவை ஒப்பந்தக்காரர் வண்டிகள். அவ்வாண்டு மே மாதம் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாயிற்று. கட்டணத்தைப் பற்றிப் பலரும் பேசினர். குறைந்துபோன வண்டிகளைப் பற்றியும் மாநகராட்சியைக் கேட்க வேண்டியவர்கள், பள்ளிக்குப் பிள்ளைகளையும் மருத்துவமனைக்கு முதியோரையும் அவற்றிலேயே அனுப்பிவரும் நாமே.