குடவோலையும் காண்போர் கடனும்

தேர்தலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இருவரைப் பற்றியே எழுதுவர். ஒருவர் வாக்களிப்பவர், மற்றவர் வாக்கு வேண்டி நிற்பவர். வாக்குரிமை எவ்வாறு படிப்படியாக விரிந்தது, கட்சிகள் எவ்வாறு தோன்றின என்னும் செய்திகள் நூல்களிலே நிரம்பக் கிடைக்கின்றன. ஆயின், தேர்தல் நிகழும் இடத்திலே வாக்களியாமலும் வாக்குக் கேளாமலும் நிற்கும் மூன்றாமவர் ஒருவரும் உளர். அவர் காண்போர். நிகழ்ந்தது முறைப்படி நிகழ்ந்ததா என்று கண்டு ஊரார்க்குச் சான்று கூறுதலே அவர் கடன். தேர்தற் கண்காணிப்பாளர் என இன்று வழங்கப்பெறும் இவரை, அண்மைக்காலத்தில் மேனாட்டிலிருந்து வந்த புது வரவு என்றே பலரும் கருதுவர். தமிழ்நாட்டு ஊராட்சி வரலாற்றிலோ காண்போர்க்குரிய விதிகள் ஆயிரத்தொருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டப்பெற்றுள்ளன. அவ்விதிகளைப் பிற்கால விதிகளோடு ஒப்பு நோக்கிக் காண்போர் கடன் யாதென ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காஞ்சிபுரத்திற்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரிலே வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இரு சாசனங்கள் உள்ளன. முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி. பி. 919 ஆம், 921 ஆம் ஆண்டுகளை ஒட்டி, இவை பொறிக்கப்பட்டன. தொல்பொருளாய்வுத் துறையின் 1904-05 ஆம் ஆண்டறிக்கையிலே வெங்கையா இவற்றை வெளியிட்டு அறிஞருலகின் கவனத்தை ஈர்த்தார். பின்னர் நீலகண்ட சாத்திரியார் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரியும் முறை இவற்றிலே கூறப்படுகின்றது. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராகத் தெரியப்பட்ட முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியவராயினர். அவர் பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள்.

இம்முறையை இக்காலத்து வாக்களிப்போடு ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது. குடவோலையிலே ஊரார் வாக்களித்திலர். தகுதியுடையாருள் ஒருவரைத் திருவுளச் சீட்டுப் போலக் குடத்திலிருந்து எடுத்தனர். எனினும் சீட்டு எடுக்குமிடத்தும் வஞ்சனை புகலாம். ஓலையை மறைத்தல், மாற்றுதல், ஒரு பெயரிருக்க வேறொரு பெயரை வாசித்தல் ஆகியன எல்லாம் கையளவு இடத்திலே நிகழக்கூடியன. அவ்வஞ்சனைக்கு இடங்கொடாதிருக்கச் சபையார் வகுத்த ஒழுங்குகளே ஈண்டு நமக்கு வேண்டற்பாலன.

அவ்வொழுங்குகள் வருமாறு. குடவோலை இடும் நாளிலே இளையோர் முதியோர் அனைவரும் நிரம்பச் சபை கூட்டப்படும். அன்று ஊரிலிருந்த கோயில் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் சபையின் உள்மண்டபத்திலே இருத்தப்படுவர். அவருள் முதியவரான நம்பி ஒருவர் எழுந்து, மேல்நோக்கியவராய், மக்கள் யாவரும் காணும்படி குடத்தை எடுத்து நிற்பார். நிகழ்வது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் அக்குடத்திலிருந்து ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அக்கட்டிலுள்ள ஓலைகள் வேறொரு குடத்தில் இடப்பட்டுக் குலைக்கப்படும். அதிலிருந்து ஓர் ஓலையைச் சிறுவன் எடுத்து மத்தியஸ்தன் கையிலே கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். அவன் வாசித்த ஓலையை உள்மண்டபத்து நம்பிமார் அனைவரும் வாசிப்பர். அதன் பின்னரே அப்பெயர் எழுதப்படும்.

இவ்விதிகளை ஒவ்வொன்றாக நோக்கின், காண்போரைப் பற்றிய ஒரு முழுக்கொள்கை இவற்றுள் அடங்கியிருத்தல் புலனாகும். முதலாவது, நம்பிமாருள் ஒருவரும் ஒழியலாகாது என்னும் விதி. சிலரை மட்டும் அழைக்கலாமென விட்டிருப்பின், செல்வாக்குடையார் தமக்கு வேண்டியவரைக் காண்போராகத் தெரிந்துகொள்ள இடமுண்டாகும். ஊரிலுள்ள அனைவரும் வருக என்றமையால் அவ்வழி அடைபட்டது. இரண்டாவது, குடத்தை ஏந்துபவர் அதனுள்ளே நோக்காது மேலே நோக்குதல். பொருளைக் காப்பவர் அதன் உள்ளீட்டை அறியலாகாது என்பது இதன் கருத்தாகும். மூன்றாவது, விரித்த கை. மத்தியஸ்தன் கள்வன் என்று சபையார் கருதினரல்லர். அவன் கள்வனல்லன் என்பதை அவன் வாய்ச்சொல்லால் அன்றிக் கண்ணால் அறிய விரும்பினர். அவ்வழக்கம் அலுவலனுக்கும் அரணாகும். விரித்த கையின்மேல் எவரும் பழி சுமத்துதல் அரிது. நான்காவது, ஒருவர் வாசித்ததைப் பலர் மீண்டும் வாசித்தல். இங்கே காண்போர் வாளாவிருப்பவரல்லர். முடிவு எழுதப்படுமுன் அதனைச் சரிபார்ப்பவர். ஆயினும் தெரியும் அதிகாரம் அவர் கையில் இல்லை. ஏந்துதலும் காணுதலும் வாசித்தலுமே அவர் தொழில்.

919 ஆம் ஆண்டுச் சாசனம் ஓலை எடுக்கும் முறையைச் சுருக்கமாகவே கூறுகின்றது. நாம் மேலே கண்ட நுண்ணிய ஒழுங்குகள் இரண்டாவது சாசனத்திலேயே விரிவாகக் காணப்படுகின்றன. இரண்டாண்டுக்குள் விதியை விரித்தெழுதும் தேவை ஏன் எழுந்தது? தீயோர் கெட்டு நல்லோர் தழைத்தல் வேண்டும் என்று சாசனமே தன் நோக்கத்தைக் குறிப்பிடுகின்றது. விதியின் இடைவெளிகளைப் பட்டறிவே காட்டியிருத்தல் வேண்டும் என்று நாம் ஊகித்தல் தவறாகாது. இவ்விரு முறையும் அரசன் ஆணைப்படி அரசவையைச் சார்ந்த அலுவலர் ஒருவர் சபையாருடன் இருந்தார் என்பதும் நோக்கத்தக்கது. விதியை வகுத்தோர் சபையார். அரசனின் ஆள் உடனிருந்தார். மேலிருந்து வந்த காண்போரும் உள்ளூர்க் காண்போரும் எனச் சோழர் காலத்து ஊராட்சியில் இருவகையினரும் இருந்தமை இதனாற் புலப்படும்.

உத்திரமேரூரைப் போற்றுமிடத்து அதன் குறையை மறைத்தல் வரலாற்று நெறியாகாது. அது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட வயதும், வேதக் கல்வியும் உடையாரே குடவோலைக்கு உரியர். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டமை பாராட்டத்தக்கதே. ஆயினும் நிலமற்றோர்க்கும் பெண்டிர்க்கும் ஊர்க்கடைசியில் உழைத்து வாழ்ந்தோர்க்கும் அக்குடத்திலே ஓலையில்லை. நம்பிமார் எத்துணை நேர்மையாகக் கண்டிருப்பினும், குடத்தினுள் இடப்படாத பெயர்களை அவர் கண்டிருத்தல் இயலாது. எனவே, காண்போர் கடன் வாக்கெடுப்பு நாளன்று தொடங்குவதன்று. எவர் பெயர் இடாப்பில் உளது, எவர் பெயர் இலது என்று பார்க்குமிடத்தே தொடங்குகின்றது என்பதை இக்குறையிலிருந்து நாம் கற்றல் வேண்டும்.

இனி, பிற்காலத்து மாற்றத்தை நோக்குவோம். இங்கிலாந்திலே 1872 ஆம் ஆண்டுவரை வாக்காளர் தம் தெரிவை வெளிப்படையாகவே கூறினர். ஆங்கு ஒவ்வொருவரும் காண்போரே. ஆனால் நிலக்கிழாரும் முதலாளியும் அங்ஙனமே கண்டனர். குடியானவன் எவர்க்கு வாக்களித்தான் என்று கண்டவர், மறுநாள் அவனைக் குடியெழுப்பவும் வல்லவராயிருந்தனர். இத்தீமையை நீக்க அவுத்திரேலியாவின் விற்றோரியாக் குடியேற்ற நாட்டிலே 1856 ஆம் ஆண்டில் இரகசிய வாக்குச்சீட்டு முறை சட்டமாயிற்று. இங்கிலாந்து அதனை 1872 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்றுப் பாராளுமன்றத் தேர்தலுக்கும் நகராட்சித் தேர்தலுக்கும் உரியதாக்கியது. இதனால் காண்போர் தொழிலிலே பெரியதொரு மாறுதல் நேர்ந்தது. வாக்காளனின் தெரிவைக் காணுதல் குற்றமாயிற்று; அதனைச் சூழ்ந்த ஏனைய யாவற்றையும் காணுதல் கடமையாயிற்று. வெறும் பெட்டியை வந்திருப்போர்க்குக் காட்டிப் பின்னர் பூட்டி முத்திரையிடல், வேட்பாளரின் முகவர் உடனிருத்தல், அம்முகவர் இரகசியங் காத்தல், சீட்டுகளை அவர் முன்னிலையில் எண்ணுதல் என்பன அச்சட்டத்தில் இடம்பெற்றன. யாவரும் காண உயர்த்திய குடத்திற்கும் திறந்து காட்டிய வெறும் பெட்டிக்கும் இடையே ஒன்பதரை நூற்றாண்டு உளது, கருத்து ஒன்றே.

இலங்கையின் உள்ளூராட்சித் தேர்தல்கள் 1946 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடைபெற்று வருகின்றன. வாக்கெடுப்பு நிலையத்திலும் எண்ணும் இடத்திலும் முகவர் இருத்தற்கு அச்சட்டம் இடந்தருகின்றது. எனினும் முகவர் வேறு, பொதுக் காண்போர் வேறு. முகவர் தம் கட்சியின் நலனுக்காகக் காண்பவர். எதிர்க்கட்சிக்கு இழைக்கப்படும் தீங்கை அவர் கண்டும் காணாதவராயிருத்தல் கூடும். இரு கட்சியாரும் ஒருங்கே இசைந்து வாக்காளனுக்கு இழைக்கும் தீங்கைக் கூறுதற்கு அங்கே ஒருவருமிலர். எவர் வென்றாலும் தமக்கு ஊதியமில்லாத ஒருவர் வேண்டுவது இதனாலேயே.

அத்தகையோர் இல்லாத தேர்தல் எவ்வாறு முடியும் என்பதற்கு 1981 ஆம் ஆண்டு யூன் 4 ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலே சான்று. தேர்தலுக்குச் சில நாள் முன்னர் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. இறுதி வேளையிலே தேர்தல் அலுவலர் மாற்றப்பட்டனர்; வாக்குப்பெட்டிகள் சில காணாமற் போயின. எனினும் தமிழர் ஐக்கிய விடுதலை முன்னணி பத்து இடங்களையும் பெற்றது. முடிவு மாறவில்லையே, பின் என்ன தீங்கு என்று வினவுவார் உளராயின், அவர் தேர்தலின் பொருளை அறிந்தாரல்லர். வெல்வோரைத் தெரிதல் தேர்தலின் ஒரு பயனே. நாம் இட்ட சீட்டு நாம் இட்டவாறே எண்ணப்படும் என்னும் நம்பிக்கையை ஊரார் நெஞ்சில் நிலைநிறுத்தல் அதனினும் பெரிய பயன். அன்று வெற்றி கிட்டியது, நம்பிக்கை கெட்டது. அது கெட்டதன் விளைவை இந்நாடு பின்னர் நெடுங்காலம் நுகர்ந்தது.

பெப்ரல் எனச் சுருங்க வழங்கும் மக்கள் இயக்கம் 1987 ஆம் ஆண்டிலே தோன்றியது. பின்னர் வேறு அமைப்புகளும் எழுந்தன. உலகளாவிய நிலையிலே 2005 ஆம் ஆண்டில் வெளிநாட்டுக் காண்போர்க்கும், 2012 ஆம் ஆண்டில் உள்நாட்டுக் குடிமக்களான காண்போர்க்கும் நெறிமுறைப் பிரகடனங்கள் வகுக்கப்பட்டன. கட்சி சாராமை, கண்டதை மிகையுங் குறையுமின்றி எழுதுதல், அலுவலரின் தொழிலிலே தலையிடாமை, வாக்கின் இரகசியத்தைப் பேணுதல் என்பன அவற்றின் சாரம். பெட்டியைத் தொடுதலும் அலுவலர்க்கு ஆணையிடுதலும் அவர் தொழிலல்ல. குறை கண்டவிடத்து அதனைக் குறித்து உரியவர்க்கு உணர்த்துதலே அவர் தொழில். இலங்கையிலோ இவர் நிலையத்துள் புகுதல் நெடுங்காலமாகத் தேர்தல் அதிகாரிகள் அளிக்கும் அனுமதியிலே தங்கி வந்துள்ளது. உத்திரமேரூர்ச் சபையார் காண்போரின் இடத்தை விதியாக்கினர்; எவருடைய இசைவுக்கும் அதனை விட்டுவைத்திலர். அனுமதி தருவோர் அதனை மறுக்கவும் கூடுமாதலின், இவ்வேறுபாடு சிறிதன்று.

இன்னுமொரு வேறுபாடும் உளது. முந்நூற்றறுபது நாள் கழிந்ததும் வாரியத்தார் விலகினர். மீண்டும் குடம் எடுக்கப்பட்டது. நம் நாட்டில் 2023 ஆம் ஆண்டு மார்ச்சு 9 ஆம் நாள் நடைபெறவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறவில்லை. அங்ஙனம் நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென உயர் நீதிமன்றம் 2024 ஆம் ஆண்டு ஓகத்து 22 ஆம் நாள் தீர்த்தது. 2025 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாளே தேர்தல் நடைபெற்றது. குடமே எடுக்கப்படாதவழி, அதனைக் காண வந்தோர் செய்வது யாது? காலந் தவறுதலையும் ஒரு குற்றமாகக் குறித்து ஊரறியக் கூறுதலும் காண்போர் கடனுள் அடங்கும் என்பதே விடை.

நாடாளும் மன்றத்துத் தேர்தலினும் உள்ளூராட்சித் தேர்தலிலே காண்போர் இன்றியமையாதவர் என்பது எம் கருத்து. இங்கே வென்றவரும் தோற்றவரும் ஒரே ஒழுங்கையில் வாழ்பவர். ஒரே கிணற்றில் நீர் அள்ளி, ஒரே கோயில் வீதியில் தேரிழுப்பவர். வாக்கு வேறுபாடோ சிலபொழுது பத்துக்கும் குறைவு. தோற்றவர், தாம் நேர்மையாகவே தோற்றோம் என்று உடன்பட்டாலன்றி அவ்வூரிலே அடுத்த நாலாண்டும் அமைதியிராது. அவ்வுடன்பாட்டை வென்றவர் பெற்றுத் தருதல் இயலாது. அரசாங்கமும் தருதல் இயலாது. உடனிருந்து கண்ட அயலவர் ஒருவரே தரவல்லர்.

பதினெட்டு வயது நிரம்பி வாக்காளராகும் மாணவர், வாக்களித்தலோடு தம் கடன் முடிந்ததென எண்ணாது, ஒரு தேர்தலிலேனும் காண்போராய்ப் பணிபுரிய முன்வருதல் நன்று. அதற்கு வேண்டும் கல்வி பெரிதன்று. வேளைக்குச் சென்று, வேளை முடியுமட்டும் இருந்து, பேசாது நோக்கி, கண்டதை நாழிகை தவறாமல் எழுதிக்கொள்ளும் பொறுமை போதும்.